மாமன் சீரில் ஒரு ஃபிலிம் ரோல்

என் மகன் பாஸ்கரனைப் பற்றிச் சொல் என்றால் முதலில் அவனுடைய பொறாமையைத்தான் சொல்லுவேன். மற்றவர்கள் மகனின் படிப்பைச் சொல்லுவார்கள், சம்பளத்தைச் சொல்லுவார்கள். நான் இதைச் சொல்லுகிறேன். இது குறையே இல்லை. அவன் கற்றுக்கொண்டது எல்லாம் பொறாமையில் கற்றுக்கொண்டதுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் அனுசுயா எழுதுகிறாள். தன் புருஷனைப் பற்றியது என்பதற்காக எதையும் விட்டுவிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கச்சி கிருஷ்ணப்பிரியாவுக்கு மொட்டை போட்ட அன்றைக்கு இவன் பள்ளிக்கூடம் போகிற பையன். எல்லாரும் குழந்தையின் தலைக்குச் சந்தனம் தடவுகிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள். இவன் நேரே நாவிதருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "எனுக்கும் வழிச்சுடு" என்றான். வழித்தார். சந்தனம் தடவும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதான். அந்த அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சந்தனத்தைத் தடவின பிறகு எழுந்து போய்த் தங்கச்சியின் தலையைத் தொட்டுப் பார்த்தான், தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். "என்னுதுதான் வழவழன்னு கீது" என்றான்.

பக்கத்து வீட்டு சம்பந்தம் அம்பத்தூர் ஏரியில் நீச்சலடித்தான் என்று இவனும் போய் இறங்கினான். தண்ணீர் குடித்து வயிறு வீங்கித்தான் வந்தான், ஆனால் நீச்சல் வந்துவிட்டது. சம்பந்தத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது என்று இவனும் அங்கேயே ஒரு பிளேட்டிங் கம்பெனியில் சேர்ந்தான். இரும்புச் சாமான்களுக்கு நிக்கல் பூச்சு போடுகிற இடம். தொட்டி தொட்டியாக மருந்துத் தண்ணீர். அதைக் கலக்குகிற வேலை. சம்பந்தம் அந்த வேலையை விட்டுப்போய் எத்தனையோ காலமாகிறது. இவன் இன்னும் இருக்கிறான். பொறாமையில் பிடித்தது அப்படி லேசில் கை நழுவாது.

கிருஷ்ணப்பிரியாவைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை பெயர் ஹேமநாதன். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர், இங்கே கம்ப்யூட்டர் வேலை. வானகரத்தில் பைபாஸ் பக்கம் அடுக்குமாடியில் வீடு. குறை சொல்ல முடியாத பிள்ளை. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவுவார். அதைப் பார்த்துவிட்டு பாஸ்கரனும் ஒரு வாரம் கழுவினான்.

கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளை கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. எல்லாரும் ஃபோனில் எடுக்கிற காலத்தில், ரோல் போட்டு எடுக்கிற பழைய கேமரா. அதுவும் கலர் இல்லை, கறுப்பு வெள்ளை. நான் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "அத்தை, இங்கன பாருங்க" என்றார். பார்த்தேன். அவ்வளவுதான். பொங்கலுக்கு வரும்போது அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

பாஸ்கரன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடியும் முன்னால் பார்த்தான்.

"யாரு கழுவுனது?"

"நான்தான் மச்சான். வீட்டு பாத்ரூம்லயே கழுவிருவேன்."

அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலை இவன் தொடவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து நின்றான்.

"இந்தாம்மா, உன் மூஞ்சிய நான் பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன். அந்தாளு ஒரே ஒரு தபா பாத்துட்டு இன்னாமா எட்த்துகினு வந்துட்டான் பாரு."

"அதுக்கு இன்னாடா இப்போ?"

"ஒண்ணியும் இல்ல."

ஒன்றும் இல்லை என்று சொன்னானா, அடுத்த மாதமே வீட்டுக்கு ஒரு பழைய கேமரா வந்துவிட்டது.

இந்த வேலையில் எனக்குப் புரிந்ததைச் சொல்லுகிறேன். எடுத்த ரோலை வெளிச்சம் படாமல் ஒரு கறுப்பு டப்பாவுக்குள் சுற்றி வைக்க வேண்டும். அதில் டெவலப்பர் என்கிற மருந்துத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படம் எழும்பும். அப்புறம் இன்னொரு மருந்து ஊற்றினால் எழும்பின படம் அப்படியே நிற்கும். படம் எடுப்பது பாதி வேலைதான். எந்த டெவலப்பர், அதில் எவ்வளவு தண்ணீர், அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அந்த மீதிப் பாதியில்தான் இவர்கள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை போடுவது பொடி மருந்து. டி-எழுபத்தாறு என்று அதற்குப் பெயர். கரைத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்ப்பார். அதில் கழுவினால் முகம் மைதா மாவு மாதிரி வழவழப்பாக வரும். பாஸ்கரனுக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் மாப்பிள்ளை போடுவதை இவன் எப்படிப் போடுவான்? "அவன் கரைக்கறத நான் கரைக்க மாட்டேன்" என்று ரோடினால் என்று ஒரு பாட்டில் மருந்து வாங்கினான். இருமல் மருந்து மாதிரி துளித் துளியாக எடுத்து நிறையத் தண்ணீரில் விட வேண்டும். ஒன்றுக்கு இருபத்தைந்து என்று ஆரம்பித்தான். படம் எழும்பியது, ஆனால் முகமெல்லாம் ரவை ரவையாக. ஒன்றுக்கு ஐம்பது என்று போனான். அதிலும் ரவைதான், கொஞ்சம் பொடி ரவை.

இதில் வெயில் வேறு. புத்தகத்தில் போட்டிருக்கிற சூட்டுக்கு நம்மூர்த் தண்ணீர் எந்தக் காலத்தில் வரும்? மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரில் கோழியை முக்கினால் இறகு பிடுங்கலாம். சூட்டில் மருந்து தலைதெறிக்க வேலை செய்யும், ஃபிலிம் வெந்து கறுத்துவிடும். மாப்பிள்ளை வீட்டில் ஏசி இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, கேன் தண்ணீர் இருக்கிறது. பாஸ்கரன் அந்தக் கேனைப் பார்த்துக் கூடப் பொறாமைப்பட்டான். "தண்ணிய ஜாஸ்தியாக்குனா மருந்து மெதுவா போவும்மா. அவன் ஏசியில பண்றத நான் தண்ணியில பண்ணிக்கிறேன்" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் குழம்பு ஆறிவிடும்.

"இன்னா மாப்ளே, இன்னும் அந்தப் பொடியவே கரைச்சிகினு கீறியா?"

"பொடிதான் மச்சான். அதுல தோலு தோலா இருக்கும். உங்க பாட்டில் மருந்துல எல்லாருக்கும் அம்மை போட்ட மாதிரில்லா வருது."

"அம்மையா? அது கூர்மை மாப்ளே, கூர்மை. தலைமுடிய ஒண்ணொண்ணா எண்ணலாம்."

"எண்ணி என்ன செய்யப் போறீங்க? உங்களுக்கு இருக்கதே நாலு முடி."

அனுசுயா சிரித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவளிடம் இவன் பேசவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரம் என்ன செய்தான் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் அதே பொடியை வாங்கிவந்து, நம்ம போர் தண்ணீரிலேயே கரைத்துக் கழுவியிருக்கிறான். உப்புத் தண்ணீர். ஃபிலிம் பூராவும் பொடுகு விழுந்த மாதிரி வெள்ளைப் புள்ளி. மீதிப் பொடியை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அனுசுயா அதைத் துணி சோடா என்று நினைத்து வாளியில் போடப் பார்த்தாள். "ஐயையோ, அத்தத் தொடாத" என்று இவன் கத்தின கத்தலில்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. இதை எழுதணுமா என்று கேட்கிறாள். எழுது.

அப்புறம் பேத்தி ரோஷினி பிறந்தாள். மொட்டையும் காதுகுத்தும் எங்கே என்று பேச்சு வந்தபோது நானே பிரித்துவிட்டேன். மொட்டை அவர்கள் குலசாமிக்கு, கோவில்பட்டிப் பக்கம். காது எங்கள் பொன்னியம்மனுக்கு, இங்கே திருமுல்லைவாயிலில். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசினாலும் நான் கேட்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் நாள். பிள்ளையைப் பெற்றவன் அன்றைக்கு ஓரமாகத்தான் நிற்க வேண்டும். தோடு மாமன் போடுவது, பட்டுப்பாவாடை மாமன் எடுப்பது, தட்டு வரிசை மாமன் வீட்டிலிருந்து வருவது. குழந்தை உட்காருவது மாமன் மடியில். பாஸ்கரனுக்கும் அனுசுயாவுக்கும் பிள்ளை தங்கவில்லை. அந்த மடி அவனுக்கு எப்படிப்பட்டது என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இரண்டு நாளாக அவனே தேய்த்து வைத்தது. கோயில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். மாப்பிள்ளை கேமராவோடு எதிரே மண்டி போட்டார். கையில் ஒரே ஒரு ரோல். கிருஷ்ணப்பிரியா ஃபோனில் எடுத்தாள், குழந்தையின் காதைத் தவிர வேறு எதுவும் அதில் விழவில்லை. நாங்கள் எல்லாரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வீல் என்று கத்தினாள், தோடு ஏறியது, சர்க்கரையை வாயில் போட்டோம், முடிந்தது.

கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவின இடத்திலேயே சண்டை ஆரம்பித்தது.

"மாப்ளே, அந்த ரோலக் குடு."

"எதுக்கு மச்சான்?"

"நான் கழுவறேன். தோடு நான் போட்டேன், துணி நான் எட்த்தேன். படமும் நான் கழுவித் தட்டுல வெச்சு குடுப்பேன். அதுவும் மாமன் சீரு."

மாப்பிள்ளை சிரித்தார். பாஸ்கரன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. கோபம் வந்தால் அவருக்கு ஊர்ப்பேச்சு கூடிவிடும்.

"என்ன பேச்சு பேசுதீங்க? கேமரா என்னது, ரோல் என்னது, பிள்ளை என்னது."

"மடி என்னுது."

"மடியில வச்சதுக்காக? உங்க மருந்துல போட்டு என் பிள்ளை மூஞ்சிய ரவையாக்கித் தருவீங்க, நான் வாங்கிக்கணுமோ?"

"உன் மருந்துல போட்டா எனுக்கு மூஞ்சே இருக்காது மாப்ளே. கறுத்த மூஞ்சி, வெள்ளச் சட்ட, உச்சி வெயிலு. சட்ட வெந்துடும், மூஞ்சி இருட்டாப் பூடும். உன் பொண்ணு மட்டும் வெள்ளையா பளிச்சுனு வருவா. உனுக்கு அதானே வேணும்?"

இதைக் கேட்டதும் கிருஷ்ணப்பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "அண்ணே, நீ இப்டியே பேசிகினு இரு. நாங்க கெளம்பறோம்" என்றாள். நான் மாப்பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினேன். ரோலை என் கையில் வைத்தார். இடுப்பில் இருந்த சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அத்தை, சூட்டுல வைக்கக் கூடாது, கெட்டுப்போகும்" என்று பதறினார்.

"அப்ப ஃபிரிட்ஜ்ல வெக்கிறேன். ரெண்டு பேரும் கை வெக்கக் கூடாது."

மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேயே கிடந்தது. மாப்பிள்ளை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை குழம்பு சூடாகவே இருந்தது, யாருக்கும் ருசிக்கவில்லை. பாஸ்கரன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்து ரோலைப் பார்த்துவிட்டு மூடுவான். ஒரு தடவை கேட்டேன், "படம் வேணுமா, மாப்ளைய ஜெயிக்கணுமா?" அவன் மறைக்கவில்லை. "படம்மா. புள்ள என் மடியில ஒக்காந்துகினு இருந்தத நான் பாக்கவே இல்ல. நான்தான் கீழ குனிஞ்சி அவ தலையப் புடிச்சிகினு இருந்தனே. பாத்தவன்லாம் பாத்தான். நான் பாக்கல." ஃபிரிட்ஜை மூடிவிட்டு, "ஜெயிக்கணும்தான்" என்றான்.

அதற்குப் பிறகுதான் வானகரத்துக்கு ஃபோன் போடச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம காலையில வாங்க. ரோல நடுவுல வெட்டிப் பாதி பாதி எடுத்துக்கோங்க. எங்க மாமனார் நிலத்த அப்டித்தான் நாலு பேருக்குப் பிரிச்சாரு, எவனும் கோர்ட்டுக்குப் போவல." ஃபிலிமை வெட்டினால் நடுவில் ஒரு படம் போய்விடும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை. "போனாப் போவட்டும், மீதி இருக்குமில்ல" என்றேன்.

மாப்பிள்ளை ஐஸ் பெட்டி, கேன் தண்ணீர், பொடி மருந்து, சூடு பார்க்கிற கருவி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாஸ்கரன் பாட்டிலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். முன்பாதி பாஸ்கரனுக்கு, பின்பாதி மாப்பிள்ளைக்கு என்று பேச்சு. தட்டு வரிசையும் மடியில் உட்கார வைத்ததும் முன்பாதி. அழுகை, சமாதானம், சாப்பாடு எல்லாம் பின்பாதி. ஊசி குத்தினது எங்கே விழும் என்பது எடுத்தவருக்கே சரியாகத் தெரியவில்லை. நடுவில் எங்கேயோ.

ஃபிலிமை வெட்டுவதற்கு ஒரு கறுப்புப் பை உண்டு. வெளிச்சம் புகாது. சட்டைக் கை மாதிரி இரண்டு கை வைத்திருக்கும், அதற்குள் கையை விட்டுத் தடவித் தடவியே வேலை செய்ய வேண்டும். யார் கையை விடுவது? மாப்பிள்ளை வெட்டினால் பாஸ்கரன் ஒப்புக்கொள்ள மாட்டான். பாஸ்கரன் வெட்டினால் மாப்பிள்ளை நம்ப மாட்டார். கடைசியில் ஆளுக்கு ஒரு கை விட்டார்கள். இவன் வலது கையில் கத்தரிக்கோல், அவர் இடது கையில் ஃபிலிமும், பாதி அளவுக்கு முடிச்சுப் போட்ட நூலும். ஒரு பாயில் தோளோடு தோள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் மேலே கூரையைப் பார்க்கிறார்கள். பைக்குள் மட்டும் சண்டை நடக்கிறது.

"இழுக்காதீங்க மச்சான்."

"நான் எங்க இழுத்தேன்? உன் கைதான் அந்தாண்ட போவுது."

"என் கை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"முடிச்சு இங்க கீது."

"அது முடிச்சில்ல, என் விரலு. வெட்டிராதீங்க!"

பை பூனையைக் கட்டிப்போட்ட மாதிரி குதித்தது. கிருஷ்ணப்பிரியாவும் அனுசுயாவும் சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இவன் தன் பக்கத்துக்கு ஒரு படம் அதிகமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான், அவர் விடமாட்டேன் என்கிறார். எனக்கு முழங்கால் வலி, நின்று பார்க்க முடியவில்லை. "அறுடா!" என்று ஒரு அதட்டல் போட்டேன். கத்தரி சத்தம் கேட்டது.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, வெட்டினால் போதாது, பைக்குள்ளேயே ஃபிலிமை டப்பாவில் சுற்றி மூட வேண்டும் என்று. அதற்கு இரண்டு கை வேண்டும். கையை வெளியே எடுத்தால் அடுத்தவன் உள்ளே என்ன செய்வானோ! அதனால் ஒருத்தன் கை பிடிக்க, இன்னொருத்தர் கை சுற்ற, இரண்டு பேருடைய ஃபிலிமையும் இரண்டு பேருமாகவே ஏற்றினார்கள். வியர்வை கொட்டியது. பேச்சே இல்லை. "ம்", "இரு", "இப்ப சுத்து", அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சமையலறைத் தொட்டிப் பக்கம் போய்த் தன் பொடி மருந்தைச் சரிபாதித் தண்ணீரோடு கலந்து, ஐஸ் வைத்துக் குளிர்த்தி, சூடு பார்த்து ஊற்றினார். பாஸ்கரன் ஒன்றுக்கு ஐம்பது என்றுதான் எடுத்து வைத்திருந்தான். கடைசி நேரத்தில் இன்னொரு மடங்கு தண்ணீரை ஊற்றினான்.

"இன்னாடா, மோரத் தண்ணியாக்குற மாதிரி ஆக்குற?"

"ஒண்ணுக்கு நூறும்மா. மருந்து வீக்கா இருந்தா வெள்ளச் சட்ட பக்கம் சீக்கிரம் தீந்துடும், அதுக்கு மேல சட்டைய வேவ வெக்காது. கறுத்த மூஞ்சி பக்கம் தீராது, நின்னு வேல செய்யும். ஆனா ஒரு மணி நேரம் ஆட்டாம அசைக்காம வெக்கணும்."

மாப்பிள்ளை அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஃபிலிம் ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கே, ஆட்டாம வச்சா அங்கருந்து கோடு விழும் மச்சான், பாத்துக்கிடுங்க!"

"உன் ஐஸு உருகுது, அத்தப் பாரு!"

டப்பாவைப் பின்கட்டில் தரையில் வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தான். பொறாமைக்காரனை ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைப்பது சாமானியம் இல்லை. சமையலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கழுவுகிற சத்தம், கடைசியில் மாப்பிள்ளை ஈர ஃபிலிமைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அவர் ஜன்னலுக்கு எதிரே ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

"ஏன் பேச்சக் காணோம்?" என்றேன்.

"நல்லா வந்துகீதும்மா. அதான் பேச்சு வரல." பாஸ்கரன் முகம் சுண்டிப்போயிற்று. "மைதா மாதிரி வந்திருக்கும். எனுக்குத் தெரியும்." டப்பாவின் மூடியில் கையை வைத்தான். "போதும், தொறந்துடறேன்."

"கைய எடு."

"இல்லம்மா, ஒரு ஆட்டாவது ஆட்டறேன்."

"நீ தானே அசைக்கக் கூடாதுன்ன? எடுடா கைய." டப்பாவின் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவனைப் பெற்றவள், அவனைவிடப் பிடிவாதக்காரி.

நேரம் ஆனதும் மருந்தைக் கொட்டி, அடுத்த மருந்தை ஊற்றி, மாப்பிள்ளையின் கேன் தண்ணீரிலேயே அலசினான். கேன் கொடுத்தது மாப்பிள்ளைதான். கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஃபிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். தட்டு வரிசை வந்திருந்தது. பாயில் உட்கார்ந்தது வந்திருந்தது. கடைசிப் படம் பாதியில் நின்றது. கத்தரி அதற்கு நடுவில்தான் போயிருந்தது.

"மீதி என்கிட்ட இருக்கு" என்றார் மாப்பிள்ளை, பின்னால் நின்றுகொண்டு. "என்னுதுல முதப் படமே பாதிதான். ஊசி குத்துதாங்க. ரோஷினி மூஞ்சி, ஆசாரி கை, ஊசி. அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

அதனால்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஊசி இறங்கின அந்த ஒரு படம். குழந்தை அந்தப் பாதியில், மாமன் இந்தப் பாதியில். பாஸ்கரன் என் பக்கம் திரும்பினான். "யம்மா, உன்னால தான்" என்று ஆரம்பித்தான். "நீ இழுத்ததால" என்றேன். நான் வெட்டச் சொன்னது சரிதான், இன்றைக்கும் சொல்லுவேன். அசையாமல் பிடித்திருந்தால் கத்தரி இரண்டு படத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் விழுந்திருக்கும்.

மாப்பிள்ளை பாஸ்கரன் கையிலிருந்த ஃபிலிமுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, ஃபோனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினார். அதைப் பெரிதாக்கினார். அப்புறம் வெகுநேரம் பார்த்தார்.

எங்களுக்கும் காட்டினார். அந்தப் பாதியில் பாஸ்கரன் முகம் மட்டும்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகிறான். கன்னத்தில் ஈரம் மின்னுகிறது. உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டை வேகாமல் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது, கறுத்த முகத்தில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. ரவை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணீர் அந்த ரவைக்கு மேலே பளிச்சென்று நின்றது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவன் அழுதது ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுசுயாவுக்கே தெரியாது.

பாஸ்கரன் ஃபோனைப் பிடுங்கப் பார்த்தான். "அத்த அழிச்சுடு மாப்ளே. அசிங்கமா கீது."

மாப்பிள்ளை கொடுக்கவில்லை. "நான் அழலையே மச்சான்" என்றார்.

"நீ எதுக்கு அழுவணும்? நீ படம் எட்த்துகினு இருந்த."

"அதான் சொல்லுதேன். என் பிள்ளைக்குக் காது குத்தும்போது நான் வெளிச்சம் எவ்வளவுன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். அவ கத்தினது எனக்குக் காதுலயே விழல. நீங்க இப்படி இருந்திருக்கீங்க." ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்குப் பொறாமையா இருக்கு."

என் மகன் பிறந்ததிலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அவனைப் பார்த்து ஒருத்தரும் பட்டதில்லை. அவனிடம் என்ன இருக்கிறது பொறாமைப்பட? அவன் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஃபிலிமிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"பொறாமையா இருக்குன்னேன்."

"யம்மா, கேட்டியா? அனு, நீ கேட்டியா?"

"கேட்டுதுய்யா, தெருவுக்கே கேட்டுது" என்றாள் அனுசுயா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிருஷ்ணப்பிரியா இரண்டு ஃபிலிமையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பாதியையும் கம்ப்யூட்டர்ல சேத்து ஒரே படமா போட்டுக்கலாமே" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றார்கள். "அவன் பக்கம் மைதா, என் பக்கம் ரவை, ஒட்டாது" என்றான் இவன். மாப்பிள்ளை வேறு காரணம் சொன்னார். "அந்தப் பாதிய எனக்குக் குடுங்க மச்சான். நான் வச்சுக்கிடுதேன். என்னுதுல உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க. ரோஷினி மூஞ்சி வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

ரோஷினியின் முகம்! இவ்வளவு நாள் இவன் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தது அதற்குத்தானே. பாஸ்கரன் கொடியில் தொங்கின அந்த ஃபிலிமைப் பார்த்தான். தன் கையில் இருந்ததைப் பார்த்தான். கொடுத்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன்.

"தரமாட்டேன் மாப்ளே" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "நீ பொறாமைப்படு."

மறுநாள் ஷிஃப்டுக்குப் போனவன் அந்தப் பிளேட்டிங் கம்பெனியில் ஒரு தொட்டி விடாமல் நின்று சொல்லியிருக்கிறான். சாயங்காலம் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டு சம்பந்தத்தைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திச் சொன்னான். "எங்க மாப்ள, வானகரம், கம்ப்யூட்டர் வேல, அவருக்கு என் மேல பொறாமை. அவரே சொன்னாரு." சம்பந்தம் நம்பவில்லை. உடனே அங்கேயே நின்று மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, "மாப்ளே, நீயே சொல்லு" என்றான்.

"ஆமா, பொறாமைதான்" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் போகல."